பசையிலிருந்து தையலுக்கு: விலங்குச் செல்கள் பற்றிநிற்கும் விதம் அறியப்பட்ட வரலாறு

திருப்பூரில் பனியன் துணிக்குப் பிரிண்ட் அடிக்கும் பட்டறைகளில், சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி ஒன்று இருக்கும். சிலர் மெஷ் என்பார்கள். சிலர் போல்டிங் துணி என்பார்கள். இன்று அது நைலானிலும் பாலியஸ்டரிலும் வருகிறது. அந்தக் காலத்தில் பட்டு. மேலைநாட்டு மில்களில் மாவு சலிப்பதற்கென்று நெய்த துணி அது.

1907இல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் அப்படியொரு துணியில் சிவப்புக் கடற்பஞ்சுத் துண்டுகளைப் பொதிந்து, கடல்நீருக்குள் வைத்துப் பிழிந்தார். துணியின் கண்கள் வழியே செல்கள் தனித்தனியாகவும் சிறு கொத்துகளாகவும் சிவப்புப் புகைபோல வெளியேறிக் கிண்ணத்தின் அடியில் படிந்தன. விலங்கு செத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உதிர்ந்த செல்கள் ஊர்ந்தன, ஒன்றையொன்று தொட்டன, தொட்டவை விடவில்லை. சிறு உருண்டைகள் சேர்ந்து பெரிய உருண்டைகளாகி, சில நாட்களில் மறுபடியும் கடற்பஞ்சாக வளரத் தொடங்கின. வேறு இனக் கடற்பஞ்சின் செல்களைக் கலந்து பார்த்தபோது இரண்டும் ஒன்றாகவில்லை.

செல்கள் சேர்ந்திருப்பதற்கு யாரோ பூசிய பசை காரணம் என்றால், பிழிந்த பிறகு அந்தப் பசை கடல்நீரில் கரைந்து போயிருக்கும். பிடிக்கும் திறனும், தன் இனத்தை அடையாளம் காணும் திறனும் செல்லிடமே இருந்தன. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள மேலும் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பசை என்ற கருத்து விலகித் தையல் என்ற கருத்து வந்த அந்தப் பாதையைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழியில் திரும்பத் திரும்பத் துணியும் நூலும் எதிர்ப்படுகின்றன. பின்னலாடை ஊரில் இருப்பவன் கண்ணுக்கு அப்படித்தான் படும் என்று வாசகர் சொல்லலாம். சான்றுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

சொல்லுக்குள் இருக்கும் துணி

நம் பள்ளிப் பாடநூல்கள் திசு என்று எழுதுகின்றன. ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தமிழில் எழுதியது அது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதன் பொருள் நெய்யப்பட்டது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் மருத்துவர் சேவியர் பிஷா, நுண்ணோக்கியை நம்பாமல், வெறும் கண்ணாலும் கத்தியாலும் உடலை ஆராய்ந்து 21 வகைத் திசுக்களைப் பிரித்துச் சொன்னார். திசுவியலுக்கு மேலைநாட்டார் வைத்த பெயரின் வேரும் கிரேக்க மொழியில் தறியைக் குறிக்கும் சொல்தான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே பொருளுக்கு இழையம் என்ற சொல்லை ஆள்கின்றன. இழை அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. திசுவைவிட அது நல்ல சொல் என்பது என் கட்சி.

ஆனால் பெயரில் நெசவு இருந்ததே தவிர, விளக்கத்தில் இல்லை. செல்கள் கண்டறியப்பட்ட பிறகு, அவை செங்கல் என்றும் இடையில் இருப்பது சாந்து என்றும் ஒரு படிமம் வேரூன்றியது. 1862இல் ஜெர்மானியரான ரெக்லிங்ஹவுசன் வெள்ளி நைட்ரேட் கரைசலால் சவ்வுகளுக்குச் சாயமேற்றியபோது, செல்களின் எல்லைகளில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அவற்றைச் சிமெண்டுப் பொருள் என்றே அக்கால நூல்கள் வருணித்தன. 1864இல் இத்தாலியர் ஜூலியோ பிட்சோசெரோ தோலின் செல்கள் சந்திக்கும் இடங்களில் சிறு முடிச்சுகளைக் கண்டு, அவை தொடுபுள்ளிகள் என்றார். அது சரியான ஊகம். அவற்றுக்கு டெஸ்மோசோம் என்ற பெயர் வந்தது 1920இல். கிரேக்கத்தில் டெஸ்மோஸ் என்றால் கட்டு. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே, அந்த முடிச்சில் இரண்டு செல்களின் சவ்வுகளும் தனித்தனியாக இருப்பதும், இடையில் மில்லிமீட்டரை ஒரு லட்சமாகப் பகுத்தால் இரண்டு மூன்று பங்கு அளவுக்கு இடைவெளி இருப்பதும் தெரிந்தன. அந்த இடைவெளியை எது கடக்கிறது என்பது கேள்வியாகவே நின்றது.

கால்சியமும் ஒரு சாயப்பட்டறைப் பாடமும்

விடைக்கான முதல் துப்பு 1900இலேயே கிடைத்திருந்தது. கர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானியர், கால்சியம் நீக்கிய கடல்நீரில் கடல் முள்ளெலியின் கருக்களை விட்டபோது செல்கள் தளர்ந்து உதிர்ந்தன. சாதாரணக் கடல்நீருக்கு மாற்றியதும் மறுபடி கூடின. 1952இல் ஆரன் மாஸ்கோனா, செரிமான நொதியான ட்ரிப்சினைக் கொண்டு கோழிக் கருவின் உறுப்புகளைச் செல்களாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். 1955இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃபிரேட்டரும் தவளையினக் கருவின் வெவ்வேறு அடுக்குச் செல்களைக் கலந்துவிட்டார்கள். வெளியடுக்குச் செல்கள் வெளியேயும் உள்ளடுக்குச் செல்கள் உள்ளேயுமாக அவை தாமே இடம் பிரிந்தன. கலந்து கொட்டிய லாட்டு, ஆள் தொடாமல் கலர் வாரியாகப் பிரிந்து அடுக்கிக்கொண்டதுபோல. பிடிப்பின் பலத்தில் உள்ள வேறுபாடே இதற்குப் போதும், எண்ணெயும் நீரும் பிரிவதுபோல, என்று 1963இல் மால்கம் ஸ்டைன்பெர்க் வாதிட்டார். அவர் கணக்கு பெருமளவுக்கு நின்றது. ஆனால் பிடிப்பது எந்த மூலக்கூறு என்பதை அது சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடித்த கதை ஒரு பாட்டில் கரைசலில் தொடங்குகிறது. 1970களில் ஜப்பானியர் மசாதோஷி தகெய்ச்சி, கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள கார்னகி நிறுவன ஆய்வகத்துக்குப் போனார். ஊரில் செய்த அதே சோதனையை அங்கே செய்தார். கியோட்டோவில் ட்ரிப்சினால் பிரித்த செல்கள் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். பால்டிமோரில் ஒட்ட மறுத்தன. கரைசல்களை ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்தது. பால்டிமோர் ட்ரிப்சினில் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது.

அது செய்யும் வேலையைச் சாயப்பட்டறைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கடினநீரில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதைத் தவிர்க்கச் சாயக் குளியலில் சீக்வெஸ்டரிங் ஏஜென்ட் விடுவார்கள். தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கவ்விப் பிடித்து, அவை வேறெதோடும் சேராமல் ஓரங்கட்டிவிடும் சரக்கு. ஈ.டி.டி.ஏ. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ட்ரிப்சினுக்கும் இங்கே ஓர் உறவுக்காரர் உண்டு. பனியன் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நீக்க பயோ வாஷில் செல்லுலேஸ் நொதி போடுகிறார்கள்; அது பருத்தியின் நீட்டிய நுனிகளைக் கடித்து எடுக்கிறது. ட்ரிப்சின் செல்லின் வெளியே நீட்டியிருக்கும் புரதங்களைக் கடிக்கிறது.

தகெய்ச்சி கண்டது இதுதான். கால்சியம் இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஒட்டும் புரதம் இறுகி நின்று ட்ரிப்சினின் கடிக்குத் தப்பிக்கிறது. கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. பறித்துவிட்டால் அதே புரதம் தளர்ந்து அறுபடுகிறது. கியோட்டோவில் தையல் அறுபடாமல் இருந்தது, பால்டிமோரில் அறுந்துவிட்டது. 1977இல் அவர் வெளியிட்ட கட்டுரை, செல்களிடம் கால்சியத்தை நம்பிய பிடிப்பு ஒன்றும் நம்பாத பிடிப்பு ஒன்றும் இருப்பதைக் காட்டியது. 1984இல் அந்தப் புரதத்துக்கு கேடெரின் என்று பெயரிட்டார். கால்சியமும் ஒட்டுதலும் சேர்ந்த பெயர். இதே காலத்தில் நியூயார்க்கில் ஜெரால்ட் எடெல்மன் குழு நரம்புச் செல்களின் ஒட்டும் மூலக்கூறு ஒன்றைத் தனியே பிரித்திருந்தது.

கேடெரின் தன் வகையைச் சேர்ந்த கேடெரினையே பெரிதும் தேடிப் பிடிக்கிறது. ஒரு செல்லிலிருந்து நீட்டுவதும் அடுத்த செல்லிலிருந்து நீட்டுவதும் இடைவெளியில் கோத்துக்கொள்கின்றன. உள்பக்கத்தில் அது கேட்டெனின் என்ற புரதங்கள் வழியாகச் செல்லின் ஆக்டின் கயிறுகளோடு கட்டப்பட்டிருக்கிறது. கேட்டெனின் என்ற பெயரே லத்தீனில் சங்கிலி என்பதிலிருந்து வந்தது. ஒரு செல்லை இழுத்தால் இழுவிசை அடுத்தடுத்த செல்களுக்குப் பரவுகிறது.

செக்கிங் மேசையில் கீழிருந்து விளக்கு எரிய, சிங்கிள் ஜெர்சித் துணியை விரித்துப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. அந்தத் துணியில் பசை கிடையாது, முடிச்சும் கிடையாது. ஒவ்வொரு லூப்பும் கீழுள்ள லூப்பின் வழியே இழுக்கப்பட்டது, மேலுள்ளது அதன் வழியே இழுக்கப்பட்டது, அவ்வளவுதான் பிடிமானம். துணியைக் குறுக்கே இழுத்தால் லூப்புகள் வடிவம் மாறி இழுவையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஊசியின் கொக்கி தேய்ந்திருந்தால் துணி நெடுக நீடில் லைன் விழுகிறது. ஒரு லூப் அறுந்தால் ஏணிபோல வரிசையாக இறங்குகிறது. உடலிலும் அப்படி இறங்குவது உண்டு. பெம்பிகஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்கள் தோலின் டெஸ்மோசோம்களில் உள்ள கேடெரின் இனப் புரதத்தையே தாக்குகின்றன. 1991இல் இது உறுதியானது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று, தோல் கொப்புளம் கொப்புளமாகப் பிரிகிறது. 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு, ஒரு கேடெரின் மரபணுவில் உள்ள பிழை காரணம் என்று கண்டறியப்பட்டது.

உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னிய லூப் பின்னியபடியே கிடக்கும். செல்லின் தையல்களோ நிமிடக்கணக்கில் அவிழ்ந்து மறுபடி போடப்படுகின்றன. உடுத்தியிருக்கும் பனியனை, உடுத்தியவர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரித்துப் பிரித்துத் தைக்கும் பட்டறை எந்த ஊரிலும் இல்லை.

கிண்டியில் முறுக்கிய நூல்

செல்கள் தம்மைப் போன்ற செல்களை மட்டும் பிடித்து நிற்பதில்லை. தம்மைச் சுற்றியுள்ள நார்ப் பின்னலையும் பிடிக்கின்றன. இதற்கும் ஒரு நூல் சாட்சி உண்டு. ஏல் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஹாரிசன், 1914இல் வெளியான ஆய்வில், திரவத் துளிக்குள் சிலந்தி வலை இழைகளைக் கட்டிக் கருவின் செல்களை விட்டார். செல்கள் இழையைப் பற்றி, அதன் நீளவாக்கில் நீண்டு, அதன் மேலேயே நகர்ந்தன. பிடிப்பதற்குத் திடமான ஒன்று இல்லாமல் செல்லால் நகர முடியாது என்று அவர் முடிவுகட்டினார்.

உடலுக்குள் அந்தத் திடப்பொருள் பெரும்பாலும் கொலாஜன். பாலூட்டிகளின் உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாம் அதன் மேல் நிற்கின்றன. அதன் அமைப்பு முதலில் சரியான திசையில் அவிழ்க்கப்பட்டது சென்னையில்.

1952இல் கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக ஜி.என். ராமச்சந்திரன் வந்தபோது அவருக்கு வயது 30. அழைத்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு பற்றி அதுவரை வந்தவை எதுவும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் பதனிடுவது என்பதே கொலாஜன் நார்களுக்குள் குறுக்குக் கட்டுகள் போடும் தொழில். அங்கே கொலாஜனுக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் படமெடுத்தார் உடன் உழைத்த கோபிநாத் கர்த்தா. நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால் படம் தெளிவாக வந்தது.

கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். எல்லாவற்றிலும் சிறியது அது. மூன்று சங்கிலிகள் அருகருகே செல்கின்றன, நடு அச்சில் கிளைசின் மட்டுமே நுழையும் அளவுக்கு இடம் என்று இருவரும் கணித்தார்கள். 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் அது வெளியானது. ஆனால் முழுதும் பொருந்தவில்லை. 1955இல் திருத்திய மாதிரி வந்தது: ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாகச் சுருள்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுகுகின்றன.

நூல் தெரிந்தவர் இந்த வாக்கியத்தில் ஒரு கணம் நிற்பார். ஒற்றை நூலை ஒரு திசையில் முறுக்கி, இரண்டு மூன்று நூல்களைச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவது நூற்பாலையின் அரிச்சுவடி. ஒரே திசையில் முறுக்கினால் நூல் சுருண்டு விழும். எதிர்த்திசையில் முறுக்கினால் ஒன்றின் அவிழும் ஆசையை மற்றது அடக்கிவிடும். ஒற்றை நூலில் பின்னிய டீ சர்ட்டைத் துவைத்தால் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திருகி வருகிறதே, அது அடக்கப்படாத அந்த முறுக்கின் வேலைதான். கொலாஜனில் அந்த முறுக்குக் கணக்கு சரியாகப் போடப்பட்டிருக்கிறது. இழுத்தால் சங்கிலிகள் அவிழ்வதற்குப் பதில் ஒன்றையொன்று நெருக்குகின்றன.

கேம்பிரிட்ஜில் இருந்த அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தார்கள். சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன, இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு இடமில்லை, ஒன்றுதான் சாத்தியம் என்றார்கள். அந்த விவரத்தில் அவர்கள் பக்கமே பிற்காலத் தரவுகள் சாய்ந்தன. முச்சுருள் என்ற அடிப்படை சென்னையுடையது. இந்தச் சர்ச்சையால் நமக்குக் கிடைத்தது பெரிது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அடியிலிருந்து கணக்குப் போடத் தொடங்கிய ராமச்சந்திரன், 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் இன்று உலகின் எந்தப் புரதத்தின் அமைப்பையும் சோதிக்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். தோற்ற இடத்திலிருந்து கிளம்பிய விசாரணை, வென்ற இடத்தைவிடப் பெரியதைக் கொண்டுவந்தது.

பிடிக்கும் கை

கொலாஜன் நூல் தெரிந்தது. அதைச் செல் எந்தக் கையால் பிடிக்கிறது? 1973இல் ரிச்சர்ட் ஹைன்ஸ், இயல்பான செல்களின் வெளியே ஏராளமாக இருந்து, புற்றுச் செல்களாக மாறியதும் காணாமல் போகும் ஒரு பெரிய புரதத்தை இனங்கண்டார். பின்லாந்தில் எர்க்கி ருவோஸ்லாட்டியும் அதே புரதத்தில் வேறு வழியாக வந்து சேர்ந்தார். ஃபைப்ரோனெக்டின் என்ற பெயர் நிலைத்தது; நாரும் கட்டுதலும் சேர்ந்த லத்தீன் கூட்டு. 1984இல் பியர்ஷ்பாகரும் ருவோஸ்லாட்டியும், இவ்வளவு பெரிய புரதத்தில் செல் பிடிப்பது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே கண்ணிகளைத்தான் என்று காட்டினார்கள். 1986இல் பிடிக்கும் கைக்கு இன்டெக்ரின் என்று பெயர் வந்தது. இரத்த வெள்ளணுக்களின் பக்கத்திலிருந்து அதே குடும்பத்தைக் கண்ட திமத்தி ஸ்பிரிங்கர், ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி ஆகிய மூவருக்கும் 2022இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. இன்டெக்ரின் வெறும் கொக்கி அல்ல. பிடி கிடைத்திருக்கிறதா என்ற செய்தியை உள்ளே அனுப்புகிறது. பிடி இழந்த பல வகைச் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. 1994இல் அந்தச் சாவுக்கு வீடின்மை என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை வைத்தார்கள்.

பின்னிய குழாயும் ஒட்டிய காஸும்

இனி துணி உவமையை விட்டுத் துணிக்கே வரலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளம் அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் தப்பிக் கிடந்த பட்டுத் தையல்நூல் ஒன்றின் மேல் வழுவழுப்பான ஏடு படர்ந்திருப்பதைக் கவனித்தார். நூலின் மேல் செல் படருமானால், துணிக்குழாயின் மேலும் படராதா? வினியான் என் என்ற செயற்கைத் துணியில் தைத்த குழாய்களை இரத்தக்குழாயாகப் பொருத்தி 1952இல் முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி கடைக்கு நைலான் வாங்கப் போய், அது இல்லாததால் டாக்ரான் என்ற பாலியஸ்டர் துணியை வாங்கி வந்து வீட்டுத் தையல் மெஷினில் குழாய் தைத்த கதை பிரபலம். தையல் விளிம்பு அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஜவுளிப் பொறியாளர் தாமஸ் எட்மன் அதற்குத் தையலில்லாமல் குழாயாகவே பின்னும் மெஷினை அமைத்துக் கொடுத்தார். பனியன் துணி வட்ட நிட்டிங் மெஷினிலிருந்து குழாயாக இறங்குவதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்த யோசனை தானாகவே வந்திருக்கும்.

பின்னலில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. லூப்புகளுக்கு இடையில் இரத்தம் கசியும். அதனால் பொருத்துமுன் குழாயை நோயாளியின் இரத்தத்திலேயே ஊறவைத்து, உறைந்த ஃபைப்ரினால் கண்களை அடைத்தார்கள். பிற்பாடு கொலாஜனோ ஜெலட்டினோ பூசிய குழாய்கள் வந்தன. மற்றது, வெட்டிய முனையில் லூப் இறங்குவது. நம் ஊர் பனியன் துணி ஊடையில் பின்னியது, ஏணி இறங்கும். பாவில் பின்னிய வார்ப் நிட்டிங் துணி அப்படி இறங்காது. இரத்தக்குழாய்த் துணி பெரும்பாலும் அதற்கு மாறியது.

செல் பாலியஸ்டரைப் பிடிப்பதில்லை என்பது இங்கே முக்கியம். துணி இரத்தத்தைத் தொட்ட நொடிகளிலேயே ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் இழையின் மேல் படிகின்றன. இன்டெக்ரின் பிடிப்பது அந்தப் படிவத்தைத்தான். இதை எல்லோரும் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். தையல் மெஷினின் ஊசி விரலில் இறங்கிவிட்டால் பருத்தி காஸ் வைத்துக் கட்டுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரிக்கும்போது காஸ் தோலோடு வரும். ஃபைப்ரின் நெசவின் கண்களுக்குள் புகுந்து உறைந்து, புதுச் செல்கள் அதைப் பிடித்து வளரத் தொடங்கியிருக்கும். காஸை உரித்தால் அந்தப் புதுத் தையல்களையும் உரிக்கிறோம். உப்புநீர் ஊற்றி ஊறவைத்துப் பிரிக்கச் சொல்வது அதனால்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் சினிமாவுக்குப் பெயர்போன லூமியேர் சகோதரர்களில் ஒருவரான அகுஸ்த், கொழுப்பு பூசிய வலைத்துணியைக் காயத்துக்குக் கொண்டுவந்தார். ஒட்டாமல் இருப்பதே அந்தத் துணியின் தரம்.

ஒட்ட வேண்டிய துணி, ஒட்டக்கூடாத துணி என்ற இந்த இரண்டும் இன்று தமிழ்நாட்டின் ஜவுளித் தொழிலுக்குள்ளேயே இருக்கின்றன. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகள் பேண்டேஜ் துணிக்கும் காஸுக்கும் பெயர்பெற்றவை. கோவை அவிநாசி சாலையில், 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்று உயர்திறன் மையம் செயல்படுகிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய இதய வால்வில், உலோக வளையத்தைச் சுற்றி ஒரு பாலியஸ்டர் துணிப் பட்டை உண்டு. மருத்துவர் தையல் போடுவது அந்தத் துணியில். பின்னர் திசு வளர்ந்து பற்றுவதும் அதில்தான்.

வூர்ஹீஸ் நாயில் கண்ட ஏடு மனிதரில் அவ்வளவு தாராளமாகப் படர்வதில்லை. பொருத்திய துணிக்குழாயின் இரு முனைகளிலிருந்தும் உட்சவ்வுச் செல்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரம் வந்து நின்றுவிடுகின்றன. நடுப்பகுதியை ஆண்டுகள் கழித்தும் ஃபைப்ரின் படலமே மூடியிருக்கிறது. 1984இல் கண்ட மூன்று கண்ணிகளை இழையின் மேலேயே வேதிமுறையில் பிணைத்து, அந்த நடுப்பகுதிக்கும் செல்களை வரவழைக்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் தொடர்கின்றன.